‘அட்ரஸ் லைன் 2’ என்றால் நம் லயன் நம்பரா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘மகள் ஒன்லைனில் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். அட்ரஸ் லைன் 1, அட்ரஸ் லைன் 2 என்று இரண்டு கட்டம் இருந்தது. எங்கள் வீடு இரண்டாம் நம்பர் லயத்தில் இருப்பதால் முதல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு இரண்டாவதில் மட்டும் எழுதினோம். படிவம் போகவே இல்லை. வேறொரு இடத்திலிருந்து போனில் பேசியவர்கள் ஹோல்ட் த லைன் என்றார்கள், லைன் ஒப் வேர்க் என்று ஏதோ கேட்டார்கள். பிள்ளை தடுமாறிப் போனாள். இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது?’

முதலில் படிவத்தை முடித்துவிடுவோம். அட்ரஸ் லைனில் வரும் லைனுக்கு ‘வரி’ என்பதுதான் பொருள். கடித உறையில் முகவரியை மூன்று நான்கு வரியாக எழுதுகிறோமே, அதன் முதல் வரி, இரண்டாம் வரி. லயன் அல்லது லயம் என்று நாம் சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதல் வரி கட்டாயம்; பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி இருக்கும். அதை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. இரண்டாவது வரி பெரும்பாலும் விருப்பப்படி.

உங்கள் வீட்டுக்கு இப்படி எழுதலாம். முதல் வரியில் லயன் எண்ணும் காம்பரா எண்ணும்: ‘லைன் 2, ரூம் 5’. இரண்டாவது வரியில் பிரிவும் தோட்டமும்: ‘அப்பர் டிவிசன்’ என்று எழுதி, கமா போட்டு, தோட்டத்தின் பெயர். ஊரார் வாயில் தோட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும், பதிவில் வேறோர் ஆங்கிலப் பெயர் இருக்கும். படிவத்துக்குப் பதிவுப் பெயர்தான் வேண்டும். ‘சிட்டி’ என்ற இடத்தில் உங்களுக்குக் கடிதம் வந்து சேரும் தபால் நிலையத்தின் ஊர். ‘போஸ்டல் கோட்’ நம் நாட்டில் ஐந்து இலக்கம்: ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பதுளை 90000. ‘ஸ்டேட்’ என்று ஒரு கட்டம் வரும். அதை எஸ்டேட் என்று வாசித்துத் தோட்டப் பெயரை அங்கே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே மாகாணம்தான் வரவேண்டும். நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டத்தார் ‘சென்ட்ரல்’ என்றும், பதுளை, மொனராகலைக்காரர் ‘ஊவா’ என்றும் எழுத வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். சில படிவங்கள் ஒரு வரிக்கு 35 அல்லது 40 எழுத்துக்கு மேல் எடுக்காது, இடைவெளியும் கணக்கில் சேரும். நீளமாக எழுதினால் தோட்டத்தின் பெயர் பாதியில் வெட்டுப்படும். ‘2/5’ என்று சாய்கோடு போட்டாலும் சில படிவங்கள் ஏற்காது, அதனால்தான் மேலே சொற்களாகப் பிரித்து எழுதச் சொன்னோம். அடையாள அட்டையில் முகவரி எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலை எல்லாப் படிவத்திலும் வையுங்கள். ஒன்றில் லைன், இன்னொன்றில் லயன் என்று இருந்தால், பிறகு கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்க அலைய வேண்டிவரும்.

எழுத்துக்கூட்டல் என்று சொன்னதும் ஓர் எச்சரிக்கை. லைன் என்பது எல், ஐ, என், ஈ. இதில் ஓரிரு எழுத்து மாறினாலும் வேறொரு நல்ல சொல் கிடைத்துவிடலாம், அதனால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்காது. ஐக்குப் பதில் ஏ போட்டால் ‘லேன்’, அதாவது ஒடுக்கமான தெரு. நகரத்தில் இருப்பவர் ‘லைன் 2’ என்பதைப் பிழை என்று நினைத்து ‘லேன் 2’ என்று தானாகத் திருத்திவிடுவதும் உண்டு. நடுவில் ஓர் ஓ நுழைந்து கடைசி ஈ விழுந்துவிட்டால் ‘லொய்ன்’. அது இறைச்சிக் கடையில் இடுப்புப் பகுதித் துண்டுக்குச் சொல்லும் பெயர். உச்சரிப்பில் வரும் சிக்கல் இதைவிட வேடிக்கை. நாம் ‘லயன்’ என்று இரண்டு அசையாகச் சொல்வது ஆங்கிலக் காதுக்குச் சிங்கம் என்றே கேட்கும். ‘லயன் ரூமில் இருக்கிறேன்’ என்றால் கேட்பவர் சிங்கக் கூண்டைத்தான் நினைப்பார். ஆங்கிலத்தில் அது ஒரே அசை: ‘லை’ என்று தொடங்கி, வாயை மூடாமல், நாக்கை மேல் பல்லின் பின்பக்கம் வைத்து ‘ன்’ என்று நிறுத்துங்கள். நடுவில் ‘ய’ வரக்கூடாது.

சரி, நம் லயத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரே நீளக் கூரையின் கீழ் காம்பராக்களை வரிசையாகக் கட்டியதால், பட்டாளத்துக் குடியிருப்புகளுக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த ‘லைன்ஸ்’ என்ற பெயரே தோட்டத்துக்கும் வந்தது. இந்திய நகரங்களில் இன்றும் ‘போலீஸ் லைன்ஸ்’, ‘சிவில் லைன்ஸ்’ என்ற பெயர்கள் இருப்பதும் இதே வழக்கத்தால்தான். குதிரை லாயத்திலிருந்து லயம் வந்தது என்று சொல்வோரும் உண்டு. அந்த வீடுகளைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை, ஆனால் வேர்ச்சொல் லைன்தான். காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுக்கும் பெரட்டுக்களத்துப் பெரட்டு ‘பரேட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது போல. இப்படி நம்மிடம் வந்து உருமாறிய சொற்களைத் திருப்பி ஆங்கிலத்தில் போட்டால் வெளியாருக்குப் புரியாது. பெரட்டுக்குத் தோட்ட ஆங்கிலத்தில் ‘மஸ்டர்’ என்பார்கள். லயத்து வீட்டை இங்கிலாந்துக்காரரிடம் சொல்வதென்றால் ‘டெரஸ்ட் ஹவுஸ்’, அமெரிக்கரிடம் ‘ரோ ஹவுஸ்’. எங்கே இருக்கிறோம் என்பதை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை, கேட்பவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம். தோட்டத்தில் இருக்கிறோம் என்பதற்கு முன் ‘இன்’ போடாமல் ‘ஒன்’ போடுங்கள்: ‘ஒன் எ டீ எஸ்டேட்’. கொழுந்தெடுக்கப் பிடிக்கும் நெரைக்கு லைன் என்று சொல்லாதீர்கள், அது ‘ரோ’.

லைனின் அடியில் கிடப்பது ஒரு நூல். ஆளிச் செடியின் நாரை லத்தீனில் ‘லினும்’ என்றார்கள். அதிலிருந்து திரித்த நூல் ‘லினியா’. லினன் துணியும் இதே குடும்பம்தான். இழுத்துக் கட்டிய நூலை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அர்த்தங்கள் தாமாகவே விளங்கும். துணி காயப்போடும் கயிறு, போன் கம்பி, ரயில் பாதை, தாளில் இழுத்த கோடு, எழுத்தின் வரி, ஆட்கள் நிற்கும் வரிசை எல்லாமே நீண்டு கிடக்கும் ஒன்றுதான். இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. உடுப்புக்கு உள்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்ததால் ‘உள்ளே துணி வைத்தல்’ என்றும் லைன் ஒரு வினைச்சொல்லாயிற்று. தேயிலைப் பெட்டியின் உட்புறம் முன்பு ஈயத் தகடோ அலுமினியத் தாளோ ஒட்டியதும் அந்த லைன்தான். ஆகவே ‘லைன்ட் பேப்பர்’ கோடு போட்ட தாள், ‘லைன்ட் ஜக்கெட்’ உள்துணி வைத்த ஜக்கெட். கோடு போட்ட சட்டை வேண்டுமென்றால் ‘ஸ்ட்ரைப்ட்’ என்று கேட்க வேண்டும்.

போனுக்கு வருவோம். ‘ஹோல்ட் த லைன்’ என்றால் ‘கொஞ்சம் இருங்கள், வைத்துவிடாதீர்கள்’. பதிலுக்கு ‘ஷுவர்’ என்றாலே போதும். மலைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது நாம் ‘லைன் கிளியர் இல்லை’ என்போம். ஆங்கிலத்தில் ‘த லைன் இஸ் பேட்’ அல்லது ‘யூ ஆர் பிரேக்கிங் அப்’ என்று சொல்லுங்கள். ‘லைன் கிளியர்’ என்பது அடிப்படையில் ரயில்வே பேச்சு. ரம்புக்கணைக்கு மேலே நம் மெயின் லைன் ஒற்றைப் பாதை. ஒரு கோச்சி அடுத்த நிலையம் வரை போகலாம் என்று கொடுக்கும் அனுமதிதான் அது. பேச்சு பாதியில் நின்றுவிட்டால் ‘வீ காட் கட் ஒஃப்’. ‘ஐ கட் த லைன்’ என்று சொன்னால் கம்பியை வெட்டினேன் என்றாகும். அமெரிக்கரிடம் அதே ‘கட்’டோடு ‘இன்’னும் சேர்ந்தால் வரிசையில் இடையில் புகுந்தேன் என்று பொருள். நாம் கியூ என்று சொல்வதற்கு அவர்கள் லைன் என்பார்கள். இங்கே கியூ என்பதே நல்லது, எல்லோருக்கும் தெரியும்.

‘வட் லைன் ஒப் வேர்க் ஆர் யூ இன்?’ என்பது ‘என்ன தொழில் செய்கிறீர்கள், எந்தத் துறை?’ என்ற கேள்வி. லைனில் வேலை செய்கிறீர்களா என்று கேட்கவில்லை. ‘ஐ ஆம் இன் ரீடெய்ல்’, ‘ஐ வேர்க் இன் கார்மெண்ட்ஸ்’ என்பது போலத் துறையைச் சொல்லவேண்டும். படித்துக்கொண்டிருந்தால் ‘ஐ ஆம் ஸ்டில் ஸ்டடியிங்’. கார்மெண்ட் தொழிற்சாலையில் சொல்லும் லைன் வேறு. அது தையல் இயந்திரங்களின் வரிசை, அதைப் பார்த்துக்கொள்பவர் லைன் லீடர், லைன் சூப்பர்வைசர். ‘லைன் மேனேஜர்’ என்பவரோ எந்த அலுவலகத்திலும் இருப்பார். உங்கள் வேலைக்கு உங்களுக்கு நேர்மேலே பொறுப்பானவர் அவர். சுயவிவரக் கோவையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால், தையல் மேற்பார்வை செய்த பிள்ளை நிர்வாகப் பதவி வகித்தது போலத் தோன்றும், நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் குடைவார்கள்.

மரபுத் தொடர்களில் மூன்றை மட்டும் கவனியுங்கள், மற்றவை பழக்கத்தில் வரும். ‘ஒன் த லைன்’ போனில் இருப்பதையும் குறிக்கும், ஆபத்தில் இருப்பதையும் குறிக்கும். ‘மை ஜொப் இஸ் ஒன் த லைன்’ என்றால் வேலை போகும் நிலை. ‘அவுட் ஒப் லைன்’ என்பதற்கு வரிசை தப்பியது என்ற பொருளும் உண்டு. ஆனால் ஓர் ஆளைப் பார்த்துச் சொன்னால் ‘மரியாதை மீறிப் பேசிவிட்டீர்’ என்ற கண்டிப்பு, போன் கிடைக்கவில்லை என்பதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். ‘டோ த லைன்’ என்றால் சொன்னபடி நடப்பது. அந்த டோ கால்விரல், கோட்டில் விரலை வைத்து நிற்பது. கயிறு கட்டி இழுக்கும் டோவை எழுதிவிடுகிறார்கள்.

படிவத்தின் அடியில் ‘டெட்லைன்’ என்று ஒரு திகதி இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல் அண்டர்சன்வில் சிறையில் போட்டிருந்த எல்லைக்கோட்டுக்கு அந்தப் பெயர். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுட்டுவிடுவார்கள். இன்று உயிர் போகாது, விண்ணப்பம் போகும். ‘பை 31 மார்ச்’ என்றால் 31ஆம் திகதியும் உள்ளடக்கம், ‘பிஃபோர் 31 மார்ச்’ என்றால் 30ஆம் திகதியோடு சரி. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் எந்த நாட்டு நேரம் என்றும் பாருங்கள். லண்டன் நள்ளிரவு 12 மணி என்பது நமக்கு விடிகாலை 5.30, அவர்களுடைய கோடைகால நேரத்தில் 4.30.