ரோஜா மருந்தை மிளகாய்ச் செடிக்கு அடித்துவிட்டால்

ரோஜாவுக்கு வாங்கிய இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை மிளகாய்ச் செடிக்கும் அடித்துவிட்டேன், காயை நன்றாகக் கழுவினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இது ஊடுருவிப் பாயும் மருந்து. செடி உறிஞ்சிக்கொண்டு, சாறோடு காய்க்குள்ளும் போகும். கழுவினால் தோலில் ஒட்டியது மட்டும்தான் கொஞ்சம் குறையும்.

பாட்டில் லேபிளைப் பாருங்கள். அதில் மிளகாய் பெயர் இருந்து, கடைசியாக அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருந்தால் அதுவரை காத்திருங்கள். 'அலங்காரச் செடிகளுக்கு மட்டும்' என்றிருந்தால் அப்படி ஒரு கணக்கே இருக்காது. நானாக இருந்தால் அந்தச் செடியின் காயைச் சாப்பிட மாட்டேன். பூத்திருக்கும்போது அடித்தால் தேனீக்கும் ஆபத்து.

இன்னொன்று, நீங்கள் போட்ட படத்தில் மிளகாய் இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருண்டிருக்கிறது. அது பெரும்பாலும் சிலந்திப்பேன் வேலை. (மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன்.) சிலந்திப்பேன் பூச்சியே இல்லை, எட்டுக்கால் இனம், நீங்கள் அடித்த மருந்துக்கு அது சாகாது! நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலக்கி அடிப்பது), அதுவும் மிளகாய்க்கென்று லேபிளில் உள்ளதாகப் பார்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். வேப்பெண்ணெயோடு சேர்க்க வேண்டாம், இலை கருகிவிடும்.