இரவில் கெண்டைக்கால் இழுத்தால் எலும்பு கரைகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 58 வயது. மாதவிடாய் நின்று எட்டு வருடம் ஆகிறது. ஆறு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று இரவு கெண்டைக்கால் சதை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. வலி தாங்காமல் துள்ளி எழுந்து நடக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓர் இலவச முகாமில் குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்து, "எலும்பு கரைந்துகொண்டு வருகிறது, அதனால்தான் கால் இழுக்கிறது" என்றார்கள். அங்கேயே கால்சியம் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று என்று வைட்டமின் டி கேப்ஸ்யூல், ஒரு பவுடர் எல்லாம் வாங்க வைத்தார்கள். நான்கு மாதமாகச் சாப்பிட்டும் பிடிப்பு குறையவில்லை. இப்போது அளவை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்கள். கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். இப்போது சாப்பிடும் அளவைக்கூட ஒரு மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடர வேண்டும். உங்கள் ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயம். இரவில் கால் பிடிப்பதும் எலும்பு மெலிவதும் வெவ்வேறு விஷயங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இரண்டுமே அதிகம் வருகின்றன. அதனால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று யார் சொன்னாலும் நம்பத் தோன்றும். ஆனால் பிடிப்பு சதையிலும் அதை இயக்கும் நரம்பிலும் நடப்பது. எலும்பு மெலிவது வலிக்கவே வலிக்காது. மணிக்கட்டோ முதுகெலும்போ இடுப்போ முறிகிற நாள் வரை அது எந்த அடையாளமும் காட்டாமல் போகலாம். கால் இழுக்கிறதே என்று எலும்பைப் பற்றி பயப்படுவது எவ்வளவு தவறோ, கால் இழுக்கவில்லை என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடுவதும் அவ்வளவு தவறு.

"ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் சதை பிடிக்கும் என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். குறைந்தால் பிடிக்கும், உண்மைதான். ஆனால் சாதாரணமாக உடம்பு அதைக் குறையவே விடாது. உடலிலுள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் கொஞ்சம் இறங்கினாலும் கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் உடனே வேலை செய்து, எலும்பிலிருந்து எடுத்து அளவைச் சரிசெய்துவிடும். அதனால்தான் எலும்பு நன்றாக மெலிந்துபோன பெண்ணுக்கும் ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கும். பரிசோதனைக்கூடத்தில் 'ரத்தக் கால்சியம் நார்மல்' என்று வந்தால் எலும்பு பலமாக இருக்கிறது என்று பொருளில்லை.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனால் இதைப் படிக்கும் வேறு ஒருவர் இருக்கலாம், அவர் மேலே நான் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கால்சியத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து. தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சொல்கிறேன். அந்தச் சிகிச்சையில் பாராதைராய்டு சுரப்பிகளும் சில சமயம் பாதிக்கப்படும், அல்லது தைராய்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்புறம் ரத்தக் கால்சியத்தைத் தாங்கிப்பிடிக்க உடம்பில் ஆள் இல்லை. அது நிஜமாகவே இறங்கும். இவர்களுக்கு வரும் பிடிப்பு வேறு மாதிரி இருக்கும். கெண்டைக்காலோடு நிற்காது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் சுரீர் சுரீரென்று இருக்கும், மரத்துப்போகும். கை தானாக மடங்கி, விரல்கள் குவிந்து நிற்கும். முற்றினால் தொண்டைச் சதை இறுகி மூச்சே திணறலாம், வலிப்பும் வரலாம். இவர்களுக்குக் கால்சியம்தான் மருந்து. கூடவே சாதாரண வைட்டமின் டி பெரும்பாலும் போதாது. கால்சிட்ரியால் போன்ற, உடம்பு நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய வடிவம் தேவைப்படும், ஏனென்றால் சாதாரண வைட்டமின் டியைச் சிறுநீரகம் அந்த வடிவத்துக்கு மாற்றுவதற்கும் பாராதைராய்டு ஹார்மோன் வேண்டும். அறுவை சிகிச்சை நடந்து பல வருடங்கள் ஆகியிருந்தாலும் சரி, கழுத்தில் அந்தத் தழும்பு உள்ளவர்கள் எந்த மருத்துவரிடம் பிடிப்பு என்று போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். பல இடங்களில் கேட்பதில்லை.

சரி, உங்கள் பிடிப்புக்கு வருவோம். கெண்டைக்காலில், படுத்திருக்கும்போது, சில நிமிடம் இழுத்துவிட்டு, மறுநாள் அந்த இடம் தொட்டால் வலிப்பது என்றால் அது வயதோடு வரும் சாதாரண இரவுப் பிடிப்புதான். நாளெல்லாம் நின்றிருப்பது, நடமாட்டமே இல்லாமல் உட்கார்ந்திருப்பது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது எல்லாம் அதைக் கூட்டும். மருந்துகளும் கூட்டும், இங்கேதான் உங்கள் ரத்த அழுத்த மாத்திரை வருகிறது. பல ரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மருந்து ஒன்றும் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று ஏதாவது இருக்கிறதா? இந்த வகை மருந்து உடம்பிலுள்ள பொட்டாசியம், மக்னீசியத்தைக் குறைக்கும், கால் பிடிப்பையும் தூண்டும். அதோடு, கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதையும் குறைக்கும். அதன் மேல் கால்சியம் மாத்திரையும், நான்கு மாதமாக வாராவாரம் வைட்டமின் டியும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி ஏறலாம். வாய் வறட்சி, அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், சோர்வு என்று அது தெரியவரும். சிறுநீரகமும் கெடலாம். இதனால்தான் கூட்டாதீர்கள் என்றேன். அதற்காக ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வாரம் ஒன்று போடும் அதிக அளவு வைட்டமின் டி பொதுவாக 8 முதல் 12 வாரத்துக்குத்தான், அதுவும் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தால். அதன் பிறகு அளவைக் குறைத்துவிட வேண்டும். எழுதிக்கொடுப்பவர் எத்தனை வாரம் என்று எழுதுவதில்லை, கடைக்காரரும் பழைய சீட்டைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 'நிறையப் போட்டால் இன்னும் நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், மருந்து பெற்றவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது.

பிடிப்புக்கு என்ன செய்வது? தூங்கப் போகுமுன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கச் சதையையும் நீட்டி விடுங்கள். சுவரிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையிலிருந்து கிளம்பாமல் முன்னால் சாயுங்கள். பின்னங்காலில் இழுப்பு தெரியும் இடத்தில் அரை நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆறு வாரம் தினமும் இப்படி நீட்டிப் பயிற்சி செய்ததில் பிடிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இரண்டு நாள் செய்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடக் கூடாது. மக்னீசியம் மாத்திரையைப் பிடிப்புக்கென்றே விற்கிறார்கள். வயதானவர்களின் சாதாரண இரவுப் பிடிப்புக்கு அது சொல்லத்தக்க பலன் தரவில்லை என்பதுதான் ஆய்வுகளின் முடிவு. மலேரியாவுக்கான குயினைன் மருந்தைப் பிடிப்புக்கு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கவும் இதயத் துடிப்பைக் குலைக்கவும் கூடியது அது.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடக்கும்போது பிடித்து நின்றால் விட்டுவிடுகிறது என்றாலோ, அது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். முதலாவதற்கு அன்றைக்கே போக வேண்டும்.

இனி அந்த முகாம். குதிகாலில் வைக்கும் மெஷின் ஒலி அலையை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வது. அதை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது, சிகிச்சையும் தொடங்கக் கூடாது. அதிகம் போனால், 'முறையான ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்' என்று அனுப்புவதற்கு அது உதவும். ஆனால் அந்த முகாம்களில் யாரையும் ஸ்கேனுக்கு அனுப்புவதில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, பக்கத்து மேசைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து மேசையில் பவுடர் இருக்கிறது. ஐம்பது வயதுப் பெண்ணை இருபது முப்பது வயதுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டால் சீட்டு பெரும்பாலும் மஞ்சளாகத்தான் வரும், மெஷினைக் கொண்டுவந்தவர்களுக்கு அது தெரியும். சோதிக்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்த முடிவை நம்பாதீர்கள். தெரிந்தவர், உறவுக்காரர் வழியாக வீட்டுக்கே வரும் எலும்புப் பவுடர்களுக்கும் இதேதான். டப்பாவில் கால்சியம் எத்தனை மில்லிகிராம், வைட்டமின் டி எத்தனை யூனிட் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் மாத்திரையில் இருப்பதையே இரண்டாம் தடவை சாப்பிடுகிறீர்கள்.

எலும்பைப் பார்ப்பதற்கு உரிய பரிசோதனை டெக்ஸா ஸ்கேன். இடுப்பையும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியையும் படம் எடுக்கும். வலிக்காது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு நன்றாக மெலிந்துவிட்டது, இடையில் இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை. 65 வயதில் எல்லாப் பெண்களும் எடுக்கலாம். நீங்கள் இப்போதே எடுக்க வேண்டுமா என்பதற்கு இவற்றைப் பாருங்கள்: லேசாக விழுந்ததிலேயே எலும்பு முறிந்ததா, அப்பா அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா, ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டீர்களா, மிக ஒல்லியா, இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ.க்கு மேல் குறைந்துவிட்டீர்களா. ஒன்றிருந்தாலும் கேட்டு வாங்கி எடுத்துவிடுங்கள்.

கேட்டு வாங்கி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கட்டு முறிந்து வரும் அறுபது வயதுப் பெண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். தடுக்கி விழுந்ததிலேயே எலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. கட்டுப் போடுகிறவர் ஒருவர், ரத்த அழுத்தம் பார்ப்பவர் ஒருவர், ஹார்மோன் பார்ப்பவர் இன்னொருவர். மூவருக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் எலும்பு யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகிறது. அடுத்த தடவை இடுப்பு முறிந்து வருகிறார். முதல் முறிவிலேயே பார்த்திருந்தால் பலரை அதிலிருந்து காப்பாற்றியிருக்கலாம் என்பது எனக்கு ஆறாத கோபம்.

கால்சியம் உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. தேவை, ஆனால் அது உணவையும் சேர்த்த கணக்கு. சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்ப வேண்டும். ஒரு நேரத்துக்கு 500 மி.கி.க்கு மேல் போட்டால் உடம்பு சரியாக உறிஞ்சாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விட வேண்டும். தேவைக்கு மேல் போனால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடும். எலும்பு உறுதியாவதற்கு உடம்பின் பாரத்தைக் காலில் தாங்கும் உடற்பயிற்சியும், சதையை வலுவாக்கும் பயிற்சியும், போதுமான புரதமும் கால்சியம் அளவுக்கே முக்கியம். டி-ஸ்கோர் மிகக் குறைந்து வந்தால் இதெல்லாம் போதாது, அதற்கென்று இருக்கும் மருந்துகள் வேண்டும். அவற்றில் ரலாக்ஸிஃபீன் என்ற மாத்திரை கால் பிடிப்பையே உண்டாக்கக்கூடியது, அதனால் எழுதிக்கொடுக்கும்போதே உங்கள் பிடிப்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும், பவுடர் டப்பாவையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

அதுவரை ஒன்று. பிடித்ததும் துள்ளி எழுந்து நடக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அதை நிறுத்துங்கள். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், ஒரு கால் இறுகியிருக்கும்போது எழுந்தால் விழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. உங்கள் கால் பிடிப்பு எலும்பை முறிக்குமென்றால் அந்த வழியில்தான். படுக்கையிலேயே உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். கை எட்டவில்லை என்றால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். சதை தளர்ந்த பிறகு, விளக்கைப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். சுவிட்ச் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால், இன்றைக்கே தலைமாட்டில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.