மழை, பனி, துரு: டாங்கி மாதிரிகளுக்கு வண்ணம் பூசுவது பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஈரத்தைப் பற்றியவை. மலைநாட்டில் இருந்துகொண்டு டாங்கி மாதிரி செய்கிறவர்களுக்கு ஈரம் பெயின்ட் அடிக்கும்போது தொல்லை கொடுக்கும். ஆனால் வெதரிங் வேலைக்கு, அதாவது மழையும் சேறும் தேய்மானமும் ஒரு வண்டியில் விட்டுப்போகும் அடையாளங்களைக் கொண்டுவரும் வேலைக்கு, அதுவே நல்ல வாத்தியார். அதனால் அந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: இரண்டு மாதம் உழைத்து ஒரு ஷெர்மன் டாங்கி செய்தேன். கடைசியில் மெட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேற்பூச்சு) ஸ்பிரே அடித்தேன். காலையில் பார்த்தால் மாவு தூவினது போல முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். பதறிப்போய்த் துணியால் தேய்க்காதீர்கள். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அடித்த பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், அந்தக் குளிர்ந்த இடத்தில் நீர் படிந்து காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். 1,800 மீட்டருக்கு மேலே, மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாக வரும் ஊரில் இது நடக்காவிட்டால்தான் அதிசயம்.

நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாள் வரும்வரை பொறுங்கள். அன்றைக்குப் பதினொரு மணி வாக்கில், அதே கம்பனியின் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக ஒரு பூச்சு அடியுங்கள். அது பழைய பூச்சை இலேசாக இளக்கி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி விடும். வெள்ளை மறைந்ததும் ஒரு நாள் காயவிட்டு மறுபடி மெட் அடிக்கலாம். டின்னைக் குறைந்தது இரண்டு நிமிடம் குலுக்குங்கள். மெட் ஆக்கும் பொடி அடியில் தங்கியிருந்தாலும் இதே மாதிரி வெளுக்கும். குளிரான நாளில் டின்னைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி வைத்தால் தூறல் நேர்த்தியாக வரும். அடுப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள், கொதிநீரிலும் வைக்காதீர்கள்.

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது 80ஐத் தாண்டினால் வார்னிஷைத் தொடுவதில்லை. உங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒட்டும் வேலைகளைச் செய்துகொண்டிருங்கள். ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஜூலை, ஆகஸ்டில் அங்கே காய்ந்த காற்று வீசும், வார்னிஷுக்கு அருமையான காலம். ஆனால் காற்றோடு தூசும் வரும் என்பதால் ஈரமான மாதிரியை ஒரு பெட்டியால் மூடி வையுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு பாடசாலை மாணவர்: அண்ணே, என்னிடம் எயார்பிரஷ் இல்லை. பிரஷ்ஷால் அடித்தால் கோடு கோடாக வருகிறது, இரண்டாவது தடவை அடித்தால் முதல் பூச்சு கிழிந்து வருகிறது.

தம்பி, குறை கையில் இல்லை, பெயின்டில் இருக்கிறது. நீங்கள் பாவிப்பது டமியா அக்ரிலிக் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அல்ககோல் கலந்தது. எயார்பிரஷ்ஷில், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் கருவியில், மிக நன்றாக ஓடும், ஆனால் பிரஷ்ஷில் மேலே வரும் பூச்சு கீழே இருப்பதைக் கரைத்துவிடும். வலேஹோ மாதிரி தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்குக்கு மாறுங்கள். பால் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்து, அகலமான மெல்லிய பிரஷ்ஷால் மூன்று நான்கு பூச்சு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அசிங்கமாகத்தான் தெரியும், விட்டுவிடுங்கள். ஒன்று கவனம்: வலேஹோவில் அல்ககோலைக் கலந்தால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். பிரஷ் வேலையில் இலேசான நிற வேறுபாடு தங்கும். டாங்கிக்கு அது நன்மைதான்.

தலவாக்கலையிலிருந்து: சோவியத்தின் டி-34 டாங்கிக்குப் பனிக்கால வெள்ளை அடிக்க ஆசை. அடித்தால் வெறும் வெள்ளை பொம்மை மாதிரி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியும் சோவியத்தும் மோதிய கிழக்கு முனையில், குளிர்காலத்தில் டாங்கிகளுக்கு அடித்த வெள்ளை நிரந்தரப் பெயின்ட் அல்ல. பெரும்பாலும் சுண்ணாம்பு மாதிரிக் கழுவக்கூடிய பூச்சு. வாளியும் பிரஷ்ஷும் கிடைத்த கையால் அவசரமாகப் பூசியது. வசந்தம் வந்தால் கழுவிவிட வேண்டும் என்பதற்காகவே அப்படி.

அது எப்படித் தேயும் என்று தெரிந்துகொள்ள ரஷ்யாவுக்குப் போகவேண்டியதில்லை. திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவரை ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் தெறிக்கும் அடிப்பாகத்தில் வெள்ளையே இருக்காது. கதவுநிலையைச் சுற்றிக் கை படும் உயரத்தில் மட்டும் வழித்தெடுத்தது போல இருக்கும். பீலிக்கு நேர் கீழே நீளமான கோடு. மற்ற இடமெல்லாம் ஓரளவு மிஞ்சியிருக்கும். டாங்கியிலும் அப்படித்தான்: படையினர் ஏறி இறங்கும் இடம், மூடிகளின் ஓரம், எரிபொருள் ஊற்றும் இடம், சங்கிலி உரசும் பக்கம், இங்கெல்லாம் வெள்ளை போய்விடும். கோபுரத்தின் பக்கவாட்டில், துப்பாக்கிக் குழலின் மேல் நிற்கும்.

செய்யும் முறை இதுதான். முதலில் பச்சை அடித்து, வார்னிஷால் மூடி, ஒரு நாள் காயவிடுங்கள். அதன்மேல் சலூன்களில் பாவிக்கும் ஹெயார் ஸ்பிரே இரண்டு மெல்லிய பூச்சு. நம் குளிரில் அது நெடுநேரம் பிசுபிசுப்பாகவே இருக்கும், தலைமுடி உலர்த்தியால் தூரத்திலிருந்து காயவையுங்கள். பிறகு அக்ரிலிக் வெள்ளை. அந்த வெள்ளையை லக்கர் தின்னரில் கலக்காதீர்கள், பிடித்துக்கொண்டு வராது. அரை மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த விறைப்பான பிரஷ்ஷால் மெல்லத் தட்டுங்கள். ஹெயார் ஸ்பிரே கரைந்து வெள்ளை உரிந்து வரும். எங்கே தேய்ப்பது என்பதை முன்பே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் கை அளவோடு நிற்கும். நிறையப் பேர் கெடுப்பது இந்த இடத்தில்தான். உரிந்து வருவதைப் பார்க்கும் சந்தோஷத்தில் பாதி வெள்ளையை எடுத்துவிடுவார்கள்.

பண்டாரவளையிலிருந்து: வோஷ் அடித்தால் முழு வண்டியும் அழுக்குத் தண்ணீரில் முக்கியது போல ஆகிவிடுகிறது.

வோஷ் என்பது இடுக்குகளில் நிழல் காட்ட ஓடவிடும் நீர்த்த கடும் நிறப் பெயின்ட். அதை முழுவதும் பூசாதீர்கள். போல்ட் தலை, மூடியின் விளிம்பு, வெல்டிங் கோடு, இவற்றின் அடியில் மட்டும் நுனிப் பிரஷ்ஷால் தொடுங்கள். கீழே பளபளப்பு வார்னிஷ் இருந்தால் வோஷ் தானே இடுக்கு வழியாக ஓடிப்போகும். மெட் பூச்சின் மேல் வைத்தால் மையொற்றுத் தாளில் மை ஊறுவது போலப் பரவும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கலை வேலைக்கான ஒயில் பெயின்டைக் கடதாசி அட்டையில் ஒரு மணி நேரம் வைத்து அதிகப்படி எண்ணெயை உறிஞ்சவிடுங்கள். பிறகு வாசமில்லாத வைட் ஸ்பிரிட்டில் கரையுங்கள். மஞ்சள் டாங்கிக்குக் கறுப்பு வேண்டாம், கடும் பழுப்பு போதும். கால் மணி கழித்து, பிழிந்த பிரஷ்ஷால் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். சக்கரங்களின் அச்சைச் சுற்றி வைட் ஸ்பிரிட் தேங்க விடாதீர்கள். பிளாஸ்டிக் இணைப்பில் ஊறினால் வெடிப்பு விழும்.

மஸ்கெலியாவிலிருந்து: பெயின்ட் உதிர்ந்த புள்ளிகளை ஸ்பொஞ்சால் வைக்கிறேன். நண்பர்கள் 'சொறி பிடித்த டாங்கி' என்கிறார்கள். எவ்வளவு வைக்கலாம்?

1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையில் மூன்றரை சென்ரிமீட்டர். நீங்கள் வைக்கும் இரண்டு மில்லிமீட்டர்ப் புள்ளி, ஒரு ஆளின் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்த இடம். இதை நினைவில் வைத்தாலே பாதி புள்ளி குறைந்துவிடும். ஸ்பொஞ்சைப் பெயின்டில் தொட்டு, கடதாசியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஒற்றி எடுத்த பிறகுதான் மாதிரியைத் தொடவேண்டும்.

இடமும் முக்கியம். கொழுந்து லொறியின் பின்கதவைப் பாருங்கள். கொக்கி அடிக்கும் இடத்தில், சாக்கு இழுபடும் விளிம்பில் இரும்பு தெரியும். நடுப்பலகையில் பெயின்ட் அப்படியே இருக்கும். அப்புறம் வண்டியின் வயதையும் யோசியுங்கள். ஜேர்மனியின் டைகர் டாங்கிகள் துனீசியாவுக்கு வந்தது 1942இன் கடைசியில். இன்று இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் 131ஆம் இலக்க டைகர் பிரித்தானியர் கையில் சிக்கியது 1943 ஏப்ரலில். சில மாதப் போரில் கனத்த கவசத் தகடு ஆரஞ்சு நிறமாகத் துருப்பிடிக்காது. துரு நன்றாகத் தெரியவேண்டிய இடம் புகைபோக்கி. அது சூடாகிக் குளிர்ந்து பெயின்டை இழந்துவிடும். அங்கே தாராளமாகத் துரு வைக்கலாம்.

துருக் கோடு இழுக்க வேண்டுமானால் ஸ்டோர் கூரைத் தகரத்தைப் பாருங்கள். ஆணி அடித்த இடத்தில் தொடங்கி, தண்ணீர் ஓடும் வழியே இறங்கி, மெலிந்து மறையும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத கோடு ஒன்றுகூட இருக்காது. ஒயில் பெயின்டில் ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, ஈரத் தட்டைப் பிரஷ்ஷால் கீழே இழுத்தால் அது வரும்.

பொகவந்தலாவையிலிருந்து: எங்கள் தோட்டத்து மண்ணையே சேறாகப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஆனால் எந்த ஊர் டாங்கி என்பதைப் பொறுத்து. நம் ஈரவலய மலைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த மண். உக்ரேன் சமவெளியில் ஓடிய ஜேர்மன் பந்தர் டாங்கியில் அதை அப்பினால், விஷயம் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார். அங்கே கரிசல் மண், ஈரத்தில் கறுப்பாகவே இருக்கும். வட ஆபிரிக்காவுக்கு வெளிறிய தூசி.

நிறத்தை விட எனக்கு அதிகக் கவலை பருமன். வெறுங்கையால் அள்ளிய மண்ணில் ஒரு மில்லிமீட்டர் மணல் சாதாரணம், டாங்கியில் அது மூன்றரை சென்ரிமீட்டர்க் கல்லாகிவிடும். பழைய நைலோன் காலுறையில் சலித்து, இறங்குகிற தூளை மட்டும் எடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு சலியுங்கள். சமையலுக்குப் பாவிக்காத தாச்சியில் நன்றாக வறுத்துவிடுங்கள். ஒருமுறை வறுக்காத மண்ணை வைத்துவிட்டு, மூன்று வாரத்தில் சக்கரங்களில் வெள்ளைப் பூஞ்சணம் வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பசையும் தண்ணீரும் கலந்து குழைத்து, நிறத்தை அக்ரிலிக்காலோ பிக்மென்ட் என்ற நிறப்பொடியாலோ மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே நாளில் ஒரே நிறச் சேற்றை அப்பவேண்டாம். முதலில் வெளிறிய காய்ந்த சேறு, சக்கரங்களுக்கு இடையிலும் காப்புத் தகட்டின் உட்புறத்திலும். அதன்மேல் கடுமையான நிறத்தில் புதுச் சேறு, குறைவாக. கடைசியாக, இன்னும் ஈரமாகத் தெரியவேண்டிய சில இடங்களில் மட்டும் பளபளப்பு வார்னிஷ். மழை விட்ட மறுநாள் தோட்டத்து ட்ரக்டரின் மட்காட்டைப் பாருங்கள், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

கண்டியிலிருந்து: சங்கிலிக்கு என்ன நிறம்?

கடும் பழுப்பு அடித்தளம், மெல்லிய துரு வோஷ், மண் தூசி. நிலத்தில் படும் விளிம்புகளில் மட்டும் மென்மையான பென்சில் கரியைத் தேயுங்கள், இரும்பு மினுங்கும். ரப்பர் பூண்ட சக்கரங்களில் அந்த மினுக்கம் வரக்கூடாது.

பதுளையிலிருந்து: ஜேர்மன் டாங்கிகளுக்கு அடித்த மஞ்சளின் சரியான நிறம் எது? ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு மாதிரி விற்கிறது.

1943 பெப்ரவரியில் அந்த மஞ்சள் அடிப்படை நிறமானது. அதன்மேல் போடும் பச்சையும் செம்பழுப்பும் குழம்பாக வந்தன. படையினரே பெற்றோலோ தண்ணீரோ கலந்து அடித்தார்கள். கலந்த அளவைப் பொறுத்து நிறம் மாறியது. அதனால் டமியாவின் கடும் மஞ்சளான எக்ஸ்எஃப்-60ஐக் கொஞ்சம் வெளிற வைத்து நிம்மதியாக அடியுங்கள்.

வட்டவளையிலிருந்து ஒரு சகோதரி: லயத்தில் ஒரே அறை. கைக்குழந்தை இருக்கிறது. கணவர் இரவில் தின்னர் வைத்துப் பெயின்ட் அடிக்கிறார். பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அக்கா. அவரிடம் இதைக் காட்டுங்கள். லக்கர் தின்னர், எனமல், ஸ்பிரே டின் எதையும் அந்த அறைக்குள் திறக்கவே கூடாது. விறகடுப்பு எரியும் வீட்டில் அந்த ஆவி தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. துணி முகக்கவசம் தூசைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. உள்ளே தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கும் பிரஷ்ஷும் மட்டும். ஸ்பிரே வேலை பகலில், வெளியில், ஆட்கள் இல்லாத பக்கம். போத்தல்களைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அக்ரிலிக்கை மட்டும் வைத்தே மிக அழகான டாங்கி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர் எதையும் இழக்கப்போவதில்லை.

ஹப்புத்தளையிலிருந்து: மூன்று வருடத்துக்கு முன் செய்த டைகரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வீசிவிடலாமா?

வேண்டாம். புது மாதிரியில் எதையும் முதன்முதலாகச் செய்து பார்க்காமலிருக்க அது உதவும். மேலே பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒன்று அடித்துப் புது மஞ்சள் போடுங்கள். இடது பக்கத்தில் ஹெயார் ஸ்பிரே, வலது பக்கத்தில் வோஷ், பின்புறத்தில் துருக் கோடு, அடிப்பாகம் முழுவதும் சேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் எந்தப் பெயின்ட், எவ்வளவு தண்ணீர், அன்றைக்கு மழையா வெயிலா என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். கெட்டுப்போனால் மறுபடி பிரைமர் அடித்துவிட்டு அதே பக்கத்தில் தொடங்கலாம்.