இடுப்பு வலிக்கு ஊசி கிடைக்கிறது, பிசியோதெரபி ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஊசி, மாத்திரை, பெல்ட், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. பிசியோதெரபிக்குப் போகச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை. நானே ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். நான்கு நாள் கரண்ட் வைத்தார்கள், பலன் இல்லை. இனி என்ன செய்யலாம்? (ஓசூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் அம்மாவுக்குப் பிசியோதெரபி இன்னும் தொடங்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பதையும் அது பரிந்துரைக்கிறது. டென்ஸ் என்ற கரண்ட், அல்ட்ராசவுண்ட், இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்ஷன், பெல்ட் இவையெல்லாம் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. பிசியோதெரபிஸ்டாக இதை எழுத எனக்கே வருத்தம்தான். மிஷினைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடுகிறோம். நோயாளியும் ‘கரண்ட் வைத்தும் கேட்கவில்லை’ என்று அதோடு விட்டுவிடுகிறார்.

சரி, ஏன் யாரும் அனுப்புவதில்லை? புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் ஊசி எழுதலாம், குனிவதையும் நிமிர்வதையும் பார்க்க முடியாது. வருகிறவர்களுக்கும் நாளைக்கே வேலைக்குப் போயாக வேண்டும், அதனால் ஊசியைத்தான் கேட்கிறார்கள். பிசியோதெரபி என்றால் பக்கவாதத்துக்கும் எலும்பு முறிவுக்கும்தான் என்ற எண்ணம் வேறு. பத்து நாள் வரச் சொன்னால் பத்து நாள் கூலியும் பஸ் காசும் போகும். மூன்றாம் நாளே நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்கேனில் ‘தேய்மானம்’ என்று வந்திருந்தால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலோருக்கு அது தெரியும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து குனிவதையே விட்டு, இடுப்பு மரக்கட்டையாகிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் குறைவது இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்தபின் வந்த வலி என்றாலும் டாக்டரைப் பார்க்காமல் பயிற்சி தொடங்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ‘பிசியோதெரபிக்கு எழுதித் தாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும் உண்டு. ஊருக்குள் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம், பிசியோ எந்த நாளில் எங்கே வருகிறார் என்று விசாரியுங்கள்.

தினமும் போய்ப் படுக்கத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் தவறாமல் செய்தாலே போதும். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை அம்மா ஒவ்வொரு சால் முடிந்ததும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் ஐந்து முறை சாயட்டும். இரவு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் பத்து முறை தூக்கி இறக்கட்டும். கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் ஒரு வேலை உங்களுக்கு. அம்மா தக்காளி பறிப்பதையும் கிரேட்டைத் தூக்கித் தலையில் வைப்பதையும் போனில் வீடியோ எடுத்துப்போய் பிசியோவிடம் காட்டுங்கள். ஸ்கேன் ஃபிலிமை விட அது எங்களுக்கு நிறையச் சொல்லும்.