கேள்வி பதில்: ஒற்றைப் பாயும் ஒரு முழக் கயிறும்

கேள்வி: இயந்திரப் படகு அரை மணி நேரத்தில் சேர்த்துவிடும் இடத்துக்கு, பாய்மரப் படகில் நனைந்துகொண்டே இரண்டு மணி நேரம் போவதில் என்ன இன்பம்? காற்று எதிரே வீசினால் என்ன செய்வார்கள்?
– வாசகர், காரைக்கால்

பதில்: அவசரம் இருப்பவர் இயந்திரப் படகிலேயே போகட்டும், இது எங்கும் போய்ச் சேர வேண்டியிராதவர்களின் இன்பம். படகு சிறுக்கச் சிறுக்க அது கூடும் என்பது என் கட்சி. சிறுவர்கள் பழகும் ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், வெறும் படகின் எடை 35 கிலோ. அதற்கு ஒரே பாய், ஓட்டுவதும் ஒரே பிள்ளை. ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு. கயிற்றை ஒரு முழம் இழுத்தால் படகு சாய்ந்து ஓடும். விட்டால் பாய் படபடத்து, படகு நிமிர்ந்து, ஓட்டம் அடங்கிவிடும். காற்றின் கனம் நேரே உள்ளங்கையில் தெரியும்.

எதிர்க்காற்றில் நேராகப் போக எந்தப் பாய்மரப் படகாலும் இயலாது. காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை விலகி ஒரு பக்கம் ஓடி, பிறகு திரும்பி மறுபக்கம் ஓடி, வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அப்போது பாய் படகைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இழுக்கிறது. படகுக்கு அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகை அந்தச் சறுக்கலைத் தடுப்பதால், ஈரப் புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே நசுக்கினால் அது முன்னே வழுக்கிப் பாய்வதுபோல, படகு முன்னோக்கி நழுவுகிறது. இதை எழுதுவது எளிது. பாய்மரத்தை ஒட்டிய பாயின் விளிம்பு லேசாக நடுங்கத் தொடங்கும் அந்தக் கணத்தைக் கண்டு, சுக்கானை விரற்கடை அளவு திருத்தியதும் நடுக்கம் நின்று, படகின் அடியில் நீர் சலசலக்கத் தொடங்குமே, அதை அனுபவித்துத்தான் அறிய வேண்டும்.

பலத்த காற்று வருவதற்கு முன்பே நீர்ப்பரப்பில் கருத்த திட்டாக அது நகர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும். அது வந்து மோதும்போது ஓட்டுபவர் உடலைப் படகுக்கு வெளியே சாய்த்துச் சமன் செய்கிறார். பாக் நீரிணையின் மீனவர்கள் ஓட்டும் வத்தை என்னும் பாய்மரப் படகுகளில், படகின் விளிம்புக்கு வெளியே நீளும் பலகையில் ஆள் ஏறி உட்காருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சென்னையில் இதைப் பழக விரும்புகிறாள். கவிழ்ந்துவிடாதா?
– வாசகி, சென்னை

பதில்: கவிழும். அதனால்தான் தொடக்கத்திலேயே படகை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்லி, நடுப்பலகையில் ஏறி நின்று உடல் எடையால் நிமிர்த்தவும் கற்றுக்கொடுக்கிறார்கள். மிதவை அங்கி அணிவது கட்டாயம். இருந்தாலும் முதலில் நீச்சல் கற்கட்டும் என்பதில் எனக்குத் தளர்வு இல்லை. வயது குறித்துக் கவலை வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்கு 2021இல் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைக்காரர். அவரும் ஏறத்தாழ அந்த வயதில்தான் தொடங்கினார்.

கோடைப் பிற்பகலில், தரை சூடேறிய பின் கடலிலிருந்து காற்று எழும் நேரமாகப் பார்த்து அனுப்புங்கள். படகில் தண்ணீர் மொள்ளும் குவளையைக் கயிற்றால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். கவிழ்ந்ததும் முதலில் மிதந்து போவது அதுதான்.