சூரைச்செடியின் கீழே

அன்புள்ள ஐயா,

சென்ற வருடம் என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் வேலையை விட வேண்டியதாயிற்று. சபையில் எல்லாரும் எங்களுக்காக ஜெபிக்கிறார்கள், அதற்கு நன்றியாகவே இருக்கிறேன். ஆனால் போன மாதம் ஒருவர், "விசுவாசம் குறைவில்லாமல் இருந்தால் இதற்குள் சுகம் கிடைத்திருக்கும்" என்றார். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. பழக்கத்தில் வாய் மட்டும் அசைகிறது. சில இரவுகளில் கோபம்தான் வருகிறது, அதுவும் கடவுள்மேல். என் விசுவாசம் போய்விட்டதா? போகவில்லை என்றால், எல்லாரும் சாட்சி சொல்கிற அந்தச் சமாதானம் எனக்கு மட்டும் ஏன் இல்லை? அது இருப்பதுபோல் ஞாயிறுதோறும் நடிப்பது அலுத்துவிட்டது.

வெளியிடுவதானால் பெயரையும் ஊரையும் எடுத்துவிடுங்கள்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று வாரம் கையில் வைத்திருந்தேன், மன்னியுங்கள். முதலில் எழுதிய பதில் பிரசங்கமாகப் போய்விட்டது. பிரசங்கம் உங்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்திருக்கும் என்று தோன்றியதால் கிழித்துப் போட்டேன்.

அந்த ஒருவர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். அது மிகப் பழைய கணக்கு. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் போட்டதும் அதையேதான். அவர்கள் கெட்டவர்களாகத் தொடங்கவில்லை. ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பது என் எண்ணம். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. "உனக்கு இப்படி ஆனதென்றால் உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது" என்பதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். யோபுவும் கடைசியில் கடிந்துகொள்ளப்படுகிறான். ஆனாலும் "என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்ற கடவுளின் தீர்ப்பு 42ஆம் அதிகாரத்தில் அந்த நண்பர்களுக்குத்தான் கிடைக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாக அவரே எழுதுகிறார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று உங்கள் சபையில் யாராவது சொல்வார்களா?

கோபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேதத்திலுள்ள சங்கீதங்கள் என்னும் 150 ஜெபப் பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். பெரும்பாலானவை அழுகையில் தொடங்கித் துதியில் போய் முடியும். நாம் மேற்கோள் காட்டுவதும் அந்த முடிவைத்தான். 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதே இல்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போகிறது. நண்பர்கள் எல்லாரும் தூரமாகிவிட்ட இருளில் அப்படியே நின்றுவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரி சேர்த்து அதை ஒழுங்குபடுத்த யாரும் துணியவில்லை. இதை வேதத்திலிருந்து எடுத்துவிடவும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இரவுச் செபத்தில் வெள்ளிக்கிழமைக்கு உரிய சங்கீதம் இதுதான். வாரம் ஒருமுறை, தூங்கப் போகும் முன்பு, யாரோ ஒருவருடைய இருட்டைத் தம் வாயில் எடுத்துச் சொல்லிவிட்டுப் படுக்கிறார்கள். கடவுள்மேல் கோபம் வந்த இரவில் நீங்கள் தனியாக இருந்ததாக நினைத்திருப்பீர்கள். அந்த வரிசை நீளமானது.

கோபத்தை அவரிடமே கொண்டுபோய்ச் சொல்கிற ஆள் விசுவாசத்தை விட்டுவிட்டதாக நான் ஒருநாளும் நம்பமாட்டேன். விட்டுவிட்டவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ராஜாக்களின் முதலாம் புத்தகம், 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, ஒரு மிரட்டல் வந்ததும் வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தீர்க்கதரிசி ஒருவர் சாவைக் கேட்கிறார். இதற்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். கண்டிப்பு இல்லை, உபதேசம் இல்லை, விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தூங்க விடுகிறார்கள். ஒரு தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. அப்போது தூதன் சொல்லும் காரணம், போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்பது மட்டுமே. ஓரேப் மலையில் கடவுளின் அந்த மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் 40 நாள் நடந்த பிறகுதான். நாம் அந்தச் சத்தத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், அடையை மறந்துவிடுகிறோம்.

டயாலிசிஸ் முடிந்து அவர் களைத்துப் படுக்கும்போது நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்பதும் இல்லை. ஜெபம் வராததற்கு ஆவிக்குரிய காரணம் தேடுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, எலியா கேட்டதைக் கேட்கத் தோன்றினாலோ, தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்துக்கு மருத்துவர் தேவைப்படுவது போலத்தான் இதுவும். விசுவாசக் குறைவு என்று இதற்கும் ஒருவர் சொல்ல வருவார். அவரை என்னிடம் அனுப்புங்கள்.

ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள், அது என் பழக்கதோஷம். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் நிலைத்திருக்கும் மூன்றை, நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்கிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் அது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. நமக்கு இரண்டாவதாக இருக்கும் சொல் அவர்களுக்கு முதலாவது. 2025ஆம் ஆண்டு அவர்கள் கொண்டாடிய யூபிலி என்னும் புனித ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று தலைப்பு வைத்தபோதுதான் அந்தச் சொல்லை நிதானமாக யோசித்தேன். நம்பிக்கை என்றதும் 'நடந்துவிடும்' என்ற உறுதியைத்தான் நம் மனம் தேடுகிறது. எதிர்நோக்கில் ஒரு திசை மட்டுமே இருக்கிறது. வருகிறவர் இன்னும் கண்ணில் படாவிட்டாலும் முகத்தை அந்தப் பக்கம் வைத்திருப்பது. உங்கள் கணவர் பிழைப்பாரா, மாற்றுச் சிறுநீரகம் அமையுமா என்பதில் உறுதி சொல்ல என்னால் முடியாது. உங்களிடம் உறுதி சொல்கிறவர்களுக்கும் அது தெரியாது. ஆனால் உங்கள் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இந்தக் கடிதத்திலேயே தெரிகிறது.

அந்தச் சமாதானம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அன்னை தெரேசா இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தன. பல பத்தாண்டுகளாக உள்ளே வெறுமையும் இருளும்தான் இருந்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் காலம் முழுவதும் காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு வேலைக்குப் போனார். இது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. உணர்ச்சி வராமலேயே நிலைத்திருக்க முடியும் என்பதற்குச் சான்றாக இதை வைத்துக்கொள்ளலாம்.

என் தம்பி இறந்த வருடம் நான் ஆலயத்தில் வாய் திறக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எல்லாரோடும் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பெரியவர், காது மந்தம், சற்று அதிகச் சத்தமாகச் சொல்வார். முன்பெல்லாம் அது எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த வருடம் முழுவதும் அவருடைய குரலில்தான் நான் விசுவாசித்தேன். அவருக்கு அது தெரியாது. எந்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் சொல்லத் தொடங்கினேன் என்பது எனக்கும் நினைவில்லை.

ஆகவே நடிக்க வேண்டாம். போய் உட்காருங்கள், பாட வராவிட்டால் பாடாதீர்கள். ஜெபத்துக்கு வார்த்தை வேண்டுமென்றால், மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற பிள்ளையின் தகப்பன் சொன்னது இருக்கிறது: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டான். பிள்ளை சுகமாவதற்கு முன்பு அவனிடம் யாரும் திருத்தம் கேட்கவில்லை. 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்று இனி யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு, வாரத்தில் ஒரு நாள் உங்கள் கணவரோடு டயாலிசிஸுக்குப் போய் உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிலர் நழுவுவார்கள். ஒருவராவது வருவார். அந்த நான்கு மணி நேரமும் நீங்கள் தூங்குங்கள்.

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். உங்கள் கணவரின் பெயரை மட்டும் என் ஜெபக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு வார்த்தை வராத நாட்களில், காலை ஐந்தரை மணிக்கு, அதை நான் சொல்லிவிடுகிறேன்.