இரண்டு ரூபாயும் ஒரு கோடும்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பி.யு. இரண்டாம் வருஷம் (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறான். பௌர்ணமிக்கு அவன் அப்பாவோடு திருவண்ணாமலை கிரிவலம் போய்வந்ததிலிருந்து ரமணர் புத்தகமும் கையுமாக இருக்கிறான். அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறான். படிடா என்றால், "பகவான் 16 வயசுல வீட்டை விட்டுப் போகலையா?" என்கிறான். ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. என்ன சொல்லட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஜாலஹள்ளி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா திட்டிவிட்டார் என்று என் அண்ணன் 17 வயதில் அல்சூர் வீட்டிலிருந்து கிளம்பிப் போனான். ஒரு வரி எழுதிவைக்கவில்லை. அம்மா தினமும் விடியற்காலையில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நடந்து போய், மெட்ராஸ் மெயிலில் இறங்குகிற முகங்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவாள். பதினோராம் நாள் அவனாகவே வந்தான். சோறு போட்டு அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அம்மா அழுதாள்.

அதனால் சொல்கிறேன், "வீட்டை விட்டுப் போனார்" என்ற ஒரு வரியோடு பிள்ளை நின்றுவிட வேண்டாம். எப்படிப் போனார் என்பதையும் படிக்கட்டும். 1896 ஜூலையில், மதுரை வீட்டில் வேங்கடராமனுக்கு (அதுதான் ரமணரின் இளவயதுப் பெயர்) திடீரென்று மரண பயம் வந்தது. பிணம் போலக் கிடந்து, சாவது எது என்று உள்ளே தேடினார். அதற்குப் பிறகும் ஆறு வாரம் வீட்டில்தான் இருந்தார், பள்ளிக்கூடம் போனார். ஆகஸ்ட் 29 அன்று, அண்ணன் நாகசுவாமியின் காலேஜ் சம்பளத்துக்காக, அதாவது ஃபீஸுக்காக, எடுக்கச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சம் 2 ரூபாயோடு ஒரு கடிதம். "நான்" என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே "இது" என்று மாறிவிடுகிற கடிதம். யாரும் விசனப்பட வேண்டாம், தேடப் பணம் செலவழிக்க வேண்டாம், உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அண்ணனுக்குச் சம்பளம் பாக்கி என்பது அந்த நேரத்திலும் நினைவில் இருந்திருக்கிறதே! எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

அவருடைய அம்மாவைப் பற்றியும் பையனுக்குச் சொல்லுங்கள். 1898-ல் அழகம்மாள் தேடிக்கண்டுபிடித்து, மகன் இருந்த திருவண்ணாமலை பவளக்குன்றுக்கு வந்து, நாள்கணக்கில் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது நடக்கும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மா திரும்பிப் போனார். ஆனால் 1916-ல் மறுபடி வந்து மகனோடேயே தங்கி, மலைமேல் சமைத்துப் போட ஆரம்பித்தார். 1922 மே 19 அன்று அம்மாவுக்கு உயிர் பிரிகிற வரை, ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை தலையிலுமாகப் பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் ரமணர். இன்றைய ஆசிரமமே அந்த அம்மாவின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான்.

வீட்டை விட்டு வரட்டுமா என்று கேட்டவர்களை அவர் கிளப்பிவிடவில்லை. காட்டுக்குப் போனாலும் மனசு கூடவே வரும், குடும்பஸ்தன் என்ற நினைப்புப் போய் சந்நியாசி என்ற நினைப்பு வரும், அவ்வளவுதான் என்றார்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் திட்டாதீர்கள். உட்காரட்டும். சாப்பாடு, தூக்கம் குறைந்தாலோ, யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ தயங்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பரீட்சை முடிந்ததும் நீங்களே அவனோடு கிரிவலம் போங்கள். 14 கிலோமீட்டர், அறிவுரை சொல்லாமல் கூட நடங்கள்.

கேள்வி: ரமணர் பெங்களூருக்கு வந்ததுண்டா?
(ஒரு வாசகர், மல்லேஸ்வரம்)

பதில்: இல்லை. மேக்ரி சர்க்கிள் பக்கம் அவர் பெயரில் ரோடு இருக்கிறது. ஆனால் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் கால் வைத்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று காலமாகும் வரை அங்கிருந்து வேறெங்கும் போகவில்லை. நாம்தான் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் போக வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் செங்கம் தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள், மலை தெரிய ஆரம்பிக்கும்.